அந்த வார்த்தையைப் பீடத்திலிருந்தே திரும்பப் பெறுங்கள்

மதிப்பிற்குரிய நம் போதகர் ஐயரவர்களுக்கும் சேகரக் கமிட்டிப் பெரியவர்களுக்கும், கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

ஸ்தோத்திரப் பண்டிகை ஆராதனையில் நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. ஐயரவர்கள் பெயர் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால், சம்பாத்தியத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கிற தசமபாகத்தைப் பற்றிச் சொல்லி, "இந்தச் சபையில் ஒரு வீட்டில் வாலிபப் பிள்ளை வியாதியாய்க் கிடக்கிறான், தசமபாகத்தை நிறுத்திக் கீழ்ப்படியாமல் போன வீட்டில் ஆசீர்வாதம் எப்படித் தங்கும்?" என்று பிரசங்கத்தில் கேட்டபோது, கோயிலில் இருந்த அத்தனை பேரும் பெண்கள் பக்கம் ஒரே ஆளைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அக்கா தலையிலிருந்த முக்காட்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டு, பிரசங்கம் முடியும்வரை நிமிரவே இல்லை.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தையை, சொன்ன பீடத்திலேயே நின்று, கேட்ட சபைக்கு முன்னாலேயே திரும்பப் பெற வேண்டும். வீட்டுக்குப் போய் ஒரு ஜெபம் செய்துவிட்டு வந்தால் போதும் என்று கமிட்டியில் சிலர் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அது போதாது. சபை நடுவில் சொன்னதற்கு வீட்டுத் திண்ணையில் பரிகாரம் கிடையாது.

அந்த வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னீர்களே என்பதுதான் வேதனை. புருஷன் போன பிறகு பீடி சுற்றி வளர்த்த பிள்ளை. இரண்டு கிட்னியும் போய், வாரத்தில் மூன்று நாள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். விடியும்முன் முதல் பஸ். சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை என்றாலும் பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் யார் தருவார்கள்? அவன் ஆஸ்பத்திரியில் இருக்கிற நாளில் அவளுக்குப் பீடி வேலை கிடையாது, கூலியும் கிடையாது. கிட்னி வேலை செய்யாததால் அவன் ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் அளந்து கொடுத்திருக்கிறார். நம்மூர் வெயிலில் அந்த அளவோடு இருந்து பாருங்கள். திருவிருந்து ஞாயிறுகளில் அந்தப் பையன் பாத்திரத்தில் குடிக்கிற திராட்சரசத்தையும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்கிறான். இந்த வீட்டையா கீழ்ப்படியாத வீடு என்றீர்கள்?

தசமபாகம் நின்றது, மாதச் சங்கக் காணிக்கையும் நின்றது. ஆனால் கைப்பிடி அரிசி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அதைச் சேகரிக்கிற பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நானும் இருப்பதால் உறுதியாகச் சொல்கிறேன். ரேஷன் அரிசிதான். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைத்துவிட்டுத்தான் அந்த அக்கா அரிசி களைவாள். நம் கணக்கு நோட்டில் அது அவள் பெயரில் வராது, மொத்த அரிசியோடு சேர்ந்து விலைபோய்விடும். கடைசிப் பிடி மாவிலும் எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் அடை சுட்டுக் கொடுத்த சாறிபாத் விதவையைப் பற்றி வருஷம் தவறாமல் பிரசங்கிக்கிற நமக்கு, நம் சபையிலேயே இருக்கிற ஒருத்தி கண்ணில் படவில்லை.

அந்த ஞாயிறுக்குப் பிறகு அவள் இரண்டாம் மணி அடித்த பின்புதான் வருகிறாள். வராந்தாவில், செருப்பு கிடக்கிற இடத்தில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து போய்விடுகிறாள். "நான் எதுல கீழ்ப்படியாமப் போனேன், சொல்லு பிள்ள" என்று என்னிடம் கேட்டாள். நீங்கள் பதில் சொல்லுங்கள் ஐயா.

உபாகமம் 28-ஐ நான் மறுக்கவில்லை. கர்த்தருடைய சத்தத்துக்குச் செவிகொடுக்கிற ஜனத்துக்கு ஆசீர்வாதம் உண்டு என்று அங்கே எழுதியிருக்கிறது, நானும் விசுவாசிக்கிறேன். ஆனால் அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒரு வீட்டின் கஷ்டத்திலிருந்து அந்த வீட்டின் பாவத்தைக் கண்டுபிடிக்கிற அதிகாரம் நமக்கு யார் கொடுத்தது? யோபுவின் சிநேகிதர்கள் செய்தது அதைத்தான், அவர்கள்மேல்தான் கர்த்தர் கோபப்பட்டார். பிறவிக் குருடனைக் காட்டி இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டதும் அதைத்தான். இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு சொன்னார். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி போனவர்கள் கோயிலுக்குப் பக்கத்துக் கடற்கரையிலேயே சுனாமி அலையில் போனார்கள். அவர்கள் எதில் கீழ்ப்படியவில்லை? சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பற்றி, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று நம் ஆண்டவர் சொன்ன பதிலை ஒருமுறை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நம் ஜில்லாவிலேயே டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவின் கீழ்ப்படிதலைப் பற்றி நம் ஓய்வுநாள் பள்ளியில் எத்தனை கதைகள் சொல்லியிருக்கிறோம்! அந்த அம்மா 1931-இல் கீழே விழுந்தவர், 1951-இல் சாகும்வரை கிட்டத்தட்ட 20 வருஷம் பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். அவர் படுக்கைக்கு யாரும் தசமபாகக் கணக்கைக் கொண்டுபோகவில்லை. அப்போஸ்தலன் பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும், சரீரத்தில் முள்ளாயிருந்த அந்த உபாதை எடுபடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மரணபரியந்தம் கீழ்ப்படிந்தவருக்கு அந்தக் கீழ்ப்படிதல் கொண்டுவந்தது சிலுவை. அவருடைய பீடத்தில் நின்றுகொண்டு வேறு கணக்குச் சொல்லாதீர்கள்.

தசமபாகங்களையெல்லாம் கொண்டுவாருங்கள் என்கிற மல்கியா 3:10 பண்டிகை நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருந்தது. அதே அதிகாரம் ஐந்தாம் வசனத்தில், விதவைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் அநியாயம் செய்கிறவர்களுக்கு விரோதமாகக் கர்த்தர் சாட்சியாக வருவேன் என்கிறார். மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தில் விதவை சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் என்று உபாகமம் 14-இல் இருக்கிறது. நம் தசமபாகத்தில் எந்த விதவை சாப்பிட்டாள்?

பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது அதிகம் கேட்டவருக்குப் பொன்னாடை, கல்ஃபிலிருந்து பணம் அனுப்பியவர் பெயர் தொகையோடு மைக்கில். புது வீடும் காரும்தான் ஆசீர்வாதம் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிட்டது. சேகரத் தேர்தல் வந்தால் பெரியவர்களே இரண்டு அணியாகப் பிரிந்து, கோயில் வாசலில் போலீஸ் நிற்கிறது, சொத்து வழக்கு கோர்ட்டில் கிடக்கிறது. அப்போதெல்லாம் கீழ்ப்படிதலைப் பற்றி ஒரு பிரசங்கம் வந்ததில்லை. திருப்பிப் பேச முடியாதவர்களைப் பார்த்து மட்டும்தான் அது வருகிறது. இதைச் சகித்துக்கொண்டு எத்தனை நாள் பாட்டுப் பாடுவது?

சரி, அவற்றை வேறு சமயத்தில் பேசலாம். இப்போது பணிவோடு கேட்பது ஒன்றுதான். வருகிற திருவிருந்து ஆராதனைக்கு முன், அந்தக் குடும்பத்தின் வியாதி தேவ தண்டனை அல்ல, அப்படிச் சொன்னது தவறு என்று ஐயரவர்கள் பீடத்திலிருந்தே சொல்ல வேண்டும். பண்டிகை ஏலப் பணத்திலிருந்து அவர்களுடைய பஸ் செலவுக்கு மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்கினால் அதற்கும் நன்றியோடிருப்போம். இதற்காகக் கமிட்டி கூடும் நாளைத் தயவுசெய்து சொல்லியனுப்புங்கள். நானும் ஐக்கிய சங்கத்தில் இன்னும் சிலரும் வந்து பேசுகிறோம்.

கர்த்தருக்குள்,
சபை அங்கத்தினர் ஒருத்தி