ஏட்டுச் சுரைக்காயும் எங்கள் ஃப்ரீசரும்

பெங்களூரிலுள்ள எங்கள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் அவர்களுக்கும் மின்பராமரிப்புப் பிரிவினருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை இரவு மழையில் மின்சாரம் போனது உங்களுக்குத் தெரியும். கணினி அறைக்கு ஜெனரேட்டர் உடனே கைகொடுத்தது. டிரிப் ஆன எங்கள் சோதனைக்கூடத்து இணைப்பைச் சரிசெய்யத் திங்கள் காலைதான் ஆள் வந்தார். மைனஸ் 80 டிகிரியில் இருக்க வேண்டிய ஃப்ரீசரின் திரையில் முதலில் தெரிந்த எண் பிளஸ் 9.

கதவைத் திறந்தேன். அட்டைப் பெட்டிகள் ஊறி, தொட்டதும் பிய்ந்து கையோடு வந்தன. குழாய்களில் எழுதிய எண்கள் பாதி கரைந்திருந்தன. கட்டுவிரியன் நஞ்சை மடக்கும் எதிர்ப்பொருளைத் தேடி, மூன்று சுற்று சலித்தெடுத்த ஈஸ்ட் தொகுப்புகள் அவை; கணினியில் வடிவமைத்த எதிர்ப்பொருள்களைத் தாங்கிய ஈஸ்ட். கடைசிச் சுற்றின் மரபணு வரிசையை இன்னும் படிக்கக்கூட இல்லை.

“வடிவமைத்ததெல்லாம் கணினியில் பத்திரமாக இருக்கிறதே, மறுபடி செய்துகொள்ளலாமே” என்று உங்கள் அதிகாரி ஒருவர் ஆறுதல் சொன்னார். இருக்கிறது ஐயா. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? கணினி தருவது யூகம். அது வரைந்தவற்றில் எது நஞ்சைப் பற்றுகிறது, எது நழுவுகிறது, எது ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு வீணாகிறது என்பதைச் சோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும். அந்த அளவீடுகளைப் படித்துத்தான் கணினியும் அடுத்த சுற்றில் தேறுகிறது. தோற்றவையும் அதற்குப் பாடம். அந்தக் குழாய்களும் போயின.

ஜெனரேட்டர் லைனில் ஃப்ரீசரைச் சேர்க்கக் கேட்டு மூன்று கடிதம் கொடுத்தோம். கோப்பு நகர்கிறது என்றீர்கள். பனிக்கட்டி உருகிய வேகத்தில் அது நகர்ந்திருந்தால் போதுமே!

2024-இல் கணினிவழிப் புரத வடிவமைப்புக்கு நோபல் கிடைத்ததிலிருந்து விருந்தினர் எவர் வந்தாலும் மாடியிலுள்ள கணினி அறைக்குத்தான் அழைத்துப்போகிறீர்கள். 2018-இல் பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களைக் கொண்டு எதிர்ப்பொருளைச் சலித்தெடுத்த முறைக்கும் அதே வேதியியல் பரிசுதான். அது எங்களைப்போலக் குழாயோடு மல்லுக்கட்டியவர்களின் வேலை. பாம்புக்கடிக்கு இன்றும் குதிரை இரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்தையே நம்பியிருக்கிறோம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பீடு. விருந்தினரிடம் இதையும் சொல்கிறீர்களா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள். புதுக் கருவி எதுவும் கேட்கவில்லை. ஜெனரேட்டர் அறைக்கும் எங்கள் கூடத்துக்கும் இடையே ஒரு சுவர்தான். அடுத்த மழைக்கு முன் அந்த இணைப்பைத் தந்துவிடுங்கள்.

பணிவுடன்,
கீழ்த்தளச் சோதனைக்கூட ஆய்வு மாணவி