‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’: முதல் இரண்டு பாகங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023-இல் ஹாட்ஸ்டாரில் திங்கள்தோறும் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ தொடரின் முதல் இரண்டு பாகங்களைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். உலகம் அழிந்தபின் மிஞ்சியவர்களின் கதை என்றாலே ஓடுவதும் சுடுவதும்தான் என்று ஒதுங்கிவிடுபவள் நான். ஆனால் ஓய்வு பெறும்வரை கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள். இதில் பூஞ்சைதான் வில்லன் என்று பேரன் சொன்னதும் உட்கார்ந்துவிட்டேன்.

தொடர் ஆரம்பிப்பதே ஒரு பேச்சில்தான். 1968-இல் நடக்கும் தொலைக்காட்சிப் பேட்டி. வைரஸ் எத்தனை பேரைக் கொன்றாலும் கடைசியில் மனிதன் ஜெயித்துவிடுவான், நான் பயப்படுவது பூஞ்சைக்கு என்கிறார் ஒரு நிபுணர். அரங்கில் சிரிக்கிறார்கள். மனித உடம்புச் சூட்டில் பூஞ்சை பிழைக்காதே என்று மடக்குகிறார் பக்கத்தில் இருப்பவர். சரி, உலகம் கொஞ்சம் சூடானால்? அந்தச் சூட்டுக்குப் பூஞ்சை பழகிக்கொண்டால்? அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ரத்தம் இல்லை, ஓட்டம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேசியே பயமுறுத்திவிட்டார்கள்.

இதில் பாதி பாடப்புத்தகத்திலேயே இருப்பது. பெரும்பாலான பூஞ்சைகளுக்கு 37 டிகிரி ஒத்துக்கொள்ளாது. அது நமக்கு இயற்கை தந்த காவல். பேட்டியில் அவர் சொல்லும் எறும்பு விஷயமும் நிஜம். கார்டிசெப்ஸ் வகைப் பூஞ்சை ஒன்று எறும்புக்குள் புகுந்து, அதைக் கூட்டிலிருந்து கிளப்பிச் செடியில் ஏற வைத்து, இலை நரம்பைக் கவ்வ வைக்கும். கவ்விய வாய் திறக்காது. எறும்பு செத்தபின் அதன் தலையிலிருந்து காம்பு முளைத்து, கீழே நடமாடும் எறும்புகள்மேல் வித்துகளை உதிர்க்கும். அது மனிதனுக்குத் தாவுவது முழுக்கக் கற்பனை. ஓர் எறும்பு இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்கே அது லேசில் போகாது. இதைப் பார்க்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

கதை 2003-க்கு வந்ததும் ஆஸ்டின் நகரில் ஒரு சாதாரண நாள். கட்டட வேலை பார்க்கும் ஜோயலுக்குப் பிறந்த நாள். மகள் சாரா அவருடைய பழுதான கைக்கடிகாரத்தைச் சரிசெய்து கொடுக்கிறாள், பக்கத்து வீட்டில் பொழுதைப் போக்குகிறாள். அங்கே அவள் முதுகைக் காட்டி டிவிடிகளைப் புரட்டிக்கொண்டிருக்க, பின்னால் சக்கர நாற்காலியில் இருக்கும் பாட்டியின் உடம்பு முறுக்கிக்கொள்கிறது, வாய் பிளக்கிறது. பாட்டி மங்கலாகத்தான் தெரிகிறார். ‘திரும்பிப் பாரடி’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அன்று காலை பான்கேக் மாவு வீட்டில் இருக்காது. பக்கத்து வீட்டார் நீட்டும் பிஸ்கட்டை ஜோயல் வேண்டாம் என்பார். பிறந்த நாள் கேக்கையும் வாங்க மறந்துவிடுவார். வீட்டுக்கு வீடு நடப்பதுதானே என்று விட்டுவிட்டேன். இரண்டாம் பாகத்தில் ஜகார்த்தாவில் ஒரு மாவு ஆலை என்று வந்ததும், பூஞ்சை மாவு வழியாகத்தான் பரவியிருக்கிறது என்று பளிச்சென்று உறைத்தது. எழுதியவர்கள் எவ்வளவு நிதானமாகப் பின்னியிருக்கிறார்கள்!

அந்த ஜகார்த்தா காட்சிக்காகவே இக்கடிதம் எழுதலாம். இப்படிப்பட்ட கதைகளில் பேரழிவு அமெரிக்க நகரத்தில்தான் தொடங்கும், விமானப்படைத் தளபதி கட்டளையிடுவார். இங்கே மதிய உணவுக் கடையிலிருந்து ராணுவத்தார் அழைத்துப் போவது வயதான ஒரு பூஞ்சையியல் பேராசிரியையை. இந்தோனேசிய நடிகை கிறிஸ்டின் ஹகிம் நடித்திருக்கிறார். பிணத்தின் வாய்க்குள் அசையும் இழைகளைப் பார்த்ததும் வெளியே ஓடிவருகிறார். மருந்தோ தடுப்பூசியோ கண்டுபிடித்துத் தாருங்கள் என்று அதிகாரி கேட்க, அப்படி எதுவும் இல்லை, ஊரின்மேல் குண்டு போடுங்கள் என்கிறார். தேநீர்க் கோப்பை கையில் நடுங்குகிறது. பிறகு, வீட்டில் கொண்டுபோய் விடுங்கள், குடும்பத்தோடு இருக்கிறேன் என்று கேட்கிறார். வாழ்நாள் முழுக்க ஒன்றைப் படித்தவருக்கு மட்டும்தான் அதைப் பார்த்த மாத்திரத்தில் எல்லாம் புரியும். அந்தத் துயரத்தை அவர் முகத்தில் பார்த்தேன்.

‘தடுப்பூசி இல்லை’ என்பது வெறும் வசனம் இல்லை. மனிதர்களுக்கான பூஞ்சைத் தடுப்பூசி இன்றுவரை ஒன்றுகூட அனுமதி பெறவில்லை. உலக சுகாதார நிறுவனம் கவனிக்க வேண்டிய 19 பூஞ்சைகளின் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டதே 2022 அக்டோபரில்தான். 2021-இல் கொரோனாவோடு கரும்பூஞ்சை வந்தபோது ஆம்ஃபோடெரிசின்-பி ஊசிக்காக எத்தனை குடும்பங்கள் அலைந்தன, எத்தனை பேர் கண்ணையே இழந்தார்கள்!

குறையும் உண்டு. முதல் பாகத்தின் பின்பாதியில், இருபது வருடம் தாண்டி பாஸ்டன் முகாமுக்குக் கதை வந்ததும், யார் எந்த அணி என்று விளக்கியே நேரம் போகிறது. இரண்டாம் பாகத்தின் முடிவில் வரும் ஓர் அருவருப்பான காட்சியும் தேவையே இல்லை. ஆனால் ஜோயலாக வரும் பெட்ரோ பாஸ்கலும் எல்லி என்ற சிறுமியாக வரும் பெல்லா ராம்சேயும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே நடப்பதைப் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. முதல் சீசனில் மொத்தம் ஒன்பது பாகங்களாம், மீதியையும் பார்ப்பேன்.

உங்கள் இதழில் இத்தொடருக்கு விமர்சனம் வரும்போது, பக்கத்திலேயே பூஞ்சை நோய்களைப் பற்றி ஒரு மருத்துவரின் கட்டுரையையும் போடுங்கள். சர்க்கரை நோயாளிகள் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று எளிமையாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியை,
பாளையங்கோட்டை