ஒன்பதாவது தீவில் ஒரு மத்தியானச் சாப்பாடு

லாஸ் வேகாஸ்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். தம்பி இதை உனக்கு நிதானமாகப் படித்துக் காட்டட்டும். போனில் பேசினால் அவசரத்தில் பாதியை விட்டுவிடுகிறேன். "அங்கே என்னதான் சாப்பிடுகிறாய்" என்று போன வாரம் கேட்டாய். நேற்றுச் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று நேற்றிலிருந்தே தோன்றிக்கொண்டிருக்கிறது.

எங்கள் வார்டில் என்னோடு ராத்திரி டூட்டி பார்க்கும் ஒரு அக்கா ஹவாய்க்காரர். நான் வந்த புதிதில் குளிருக்கு ஸ்வெட்டர் கொண்டுவந்து கொடுத்தார் என்று சொன்னேனே, அவர்தான். நேற்று இரண்டு பேருக்கும் லீவு. மத்தியானம் அவரே காரில் வந்து, துணி துவைக்கும் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருக்கிற ஒரு சின்ன ஹவாய் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். எட்டு மேசைதான். கவுண்டரில் காசு கட்டிவிட்டு, நம்பர் கூப்பிட்டதும் நாமே போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஹவாய் இங்கிருந்து சுமார் 4,400 கிலோமீட்டர், நடுக்கடலில் இருக்கிறது. இந்த ஊரோ சுற்றிலும் பாலைவனம். ஆனாலும் இதை அவர்கள் 'ஒன்பதாவது தீவு' என்கிறார்கள். அங்கே பெரிய தீவுகள் எட்டு, அதற்கு அடுத்தது இது. 1975-இல் சாம் பாய்ட் என்பவர் இங்கே கலிஃபோர்னியா ஹோட்டலைத் திறந்து, விமானம், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்துக் குறைந்த செலவில் ஹவாய் மக்களை வரவழைத்தார். சுற்றிப்பார்க்க வந்தவர்களில் பலர் பின்னால் குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். அதற்குக் காரணம் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சாப்பாடு. 'பிளேட் லஞ்ச்' என்று பெயர். ஒரு பெட்டியில் குழைவான வெள்ளைச் சோறு இரண்டு உருண்டை. ஐஸ்கிரீம் அள்ளும் கரண்டியால் அள்ளி வைக்கிறார்கள். பக்கத்தில் மயோனைஸ் போட்டுப் பிசைந்த மக்ரோனி ஒரு உருண்டை. அப்புறம் கறி. நான் வாங்கியது 'கலுவா' பன்றிக்கறி. அவர்கள் ஊரில் அதற்குக் குழி வெட்டி, கல்லைப் பழுக்கக் காய்ச்சி, இலை போட்டு மூடி, மணிக்கணக்கில் வேகவைப்பார்களாம். இங்கே அடுப்பில்தான். உப்பும் புகை வாசனையும் தவிர மசாலாவே கிடையாது. எனக்கு என்னவோ குறைவது போல இருந்தது. அக்கா ஒரு பாட்டிலை நகர்த்தி வைத்தார். தண்ணீரும் வினிகரும் கலந்து, மிளகாய், பூண்டு, உப்பு போட்டு ஊறவைத்தது. அதை இரண்டு சொட்டு விட்டதும் நாக்குக்கு உயிர் வந்துவிட்டது அம்மா. நம் மலையில் காந்தாரி மிளகாயை உப்பில் நசுக்கிக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வோமே, அந்த நினைப்பு வந்தது.

"ஏன் சோறும் மக்ரோனியும் ஒரே தட்டில்?" என்று கேட்டேன். அக்கா உடனே பதில் சொல்லாமல் சுவரைக் காட்டினார். ஒரு பழைய போட்டோ: கரும்புக் காட்டில் தொப்பியும் முக்காடும் போட்ட பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குக் கீழே அலமாரியில் ஓர் அடுக்குப் பாத்திரம். சோறு கீழே, தொடுகறி மேலே. அசப்பில் உன் தூக்குப்போசி.

இது எஸ்டேட் சாப்பாடு அம்மா. ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு 1852-இல் சீனர்களைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் ஜப்பானியர், போர்ச்சுகீசியர், கொரியர், 1906-இலிருந்து பிலிப்பைன்ஸ்காரர்கள். அக்காவின் தாத்தா அப்படிக் கரும்பு வெட்ட வந்தவர். எல்லோருக்கும் வரிசை வீடுகள். கழுத்தில் நம்பர் போட்ட வில்லை, அந்த நம்பருக்குத்தான் சம்பளம். குதிரையில் வந்து விரட்டுகிற மேஸ்திரிக்கு 'லூனா' என்று பெயர். மத்தியானம் சங்கு ஊதியதும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, சோற்றை மடியில் வைத்துக்கொண்டு, தொடுகறியை நடுவில் வைத்துப் பகிர்ந்து தின்றார்களாம். ஜப்பான்காரர் கொண்டுவந்த ஊறுகாய், கொரியாக்காரரின் காரம், பிலிப்பைன்ஸ்காரரின் புளிப்புக் கறி என்று ஒருவர் கை பக்குவம் மற்றவர் வாய்க்குப் பழகி, இந்தத் தட்டு உண்டாகியிருக்கிறது. இவ்வளவு பாஷைக்காரரும் பேசிக்கொள்ள ஒரு கலப்புப் பேச்சும் அங்கேதான் பிறந்தது. கடையில் எல்லோரும் அதில்தான் பேசினார்கள்.

கேட்கக் கேட்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஸ்கூல் லீவில் உன்னோடு தேயிலைக் காட்டுக்கு வருவேனே, ஞாபகம் இருக்கிறதா? கொழுந்து எடை போட்டு முடித்துவிட்டு சில்வர் ஓக் மரத்தடியில் எல்லோரும் போசியைத் திறப்பீர்கள். பாலக்காட்டு அக்கா மீன்குழம்பை உன் சோற்றில் ஊற்றுவார், திருநெல்வேலிச் சித்தியின் துவையல் எனக்கு வரும். எஸ்டேட் கூலிப் பதிவேட்டில் இருந்த உன் செக்ரோல் நம்பரை நான் இன்னும் மறக்கவில்லை. அதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஹவாயின் மாவி தீவில் இருந்த கடைசிக் கரும்பாலையையும் 2016-இல் மூடிவிட்டார்களாம்.

சனிக்கிழமை என்பதால் 'லௌலௌ'வும் இருந்தது. சேம்பிலையில் கறியைப் பொதிந்து ஆவியில் வேகவைப்பது. சரியாக வேகாவிட்டால் தொண்டை அரிக்கும் என்று அக்கா எச்சரித்தார். சேம்பைப் பற்றி எனக்கா சொல்ல வேண்டும்! கூடவே சேப்பங்கிழங்கை அவித்து இடித்துக் கூழாக்கிய 'போய்'. நாம் 'போய் வருகிறேன்' என்கிறோமே, அதே உச்சரிப்பு. லேசான புளிப்பு, சாம்பலும் ஊதாவும் கலந்த நிறம். அவர்களுடைய பழங்கதை ஒன்றில் வானத்துத் தகப்பனுக்கு முதலில் பிறந்த பிள்ளை உயிரில்லாமல் பிறந்ததாம். புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது. அடுத்த பிள்ளைதான் முதல் மனிதன். அதனால் சேம்பு அவர்களுக்கு அண்ணன் முறை. 'போய்' கூழ் வைத்த சட்டி திறந்திருக்கும்போது அண்ணன் கூடவே இருப்பதாக அர்த்தம், யாரும் சண்டை போடக்கூடாது. எனக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துவிட்டது. தம்பி சாப்பிடும்போது உன்னோடு வாக்குவாதம் செய்தால் இதைச் சொல்லு.

இன்னொன்று: கவுண்டர் பையன் அக்காவை 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிட்டான். வயதில் மூத்தவர் யாராயிருந்தாலும் அவர்களுக்கு ஆன்ட்டி, அங்கிள்தானாம். இங்கே எண்பது வயதுப் பாட்டியையும் வார்டில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம், எனக்கு அது இன்னும் கூசுகிறது. நேற்று ஒரு மணி நேரம் அந்தக் கூச்சம் இல்லாமல் இருந்தேன்.

சரி, அவர்கள் ஏன் ஊரைவிட்டு வந்தார்கள் என்று சொல்கிறேன் என்றேனே. வீட்டு விலைதான். பிறந்த மண்ணில் ஒரு நர்ஸ் சம்பளத்தில் வீடு வாங்க முடியவில்லை என்றார் அக்கா. 2020 கணக்கெடுப்பின்படி ஹவாய்ப் பூர்வகுடிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தீவுகளுக்கு வெளியேதான் இருக்கிறார்கள். நான் வாய் திறக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து பறித்த நீ, அடுத்த வருஷம் ரிட்டயர் ஆனதும் எஸ்டேட் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

பொள்ளாச்சியில் பார்த்த இடத்தை விடவேண்டாம் என்று தம்பியிடம் சொல். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் பணம் அனுப்பிவிடுவேன். சாமான் கட்டும்போது பழசு என்று எதை வேண்டுமானாலும் போட்டுவிட்டு வா. அந்தத் தூக்குப்போசியை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே. மூடி நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, எனக்கு வேண்டும்.

அன்புடன்,
உன் மகள்