வேலைவெட்டி இல்லாதவன் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் விக்கிப்பீடியாவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். "வேலைவெட்டி இல்லாத நாலு பேர் ஒரு எழுத்துக்காக ராத்திரி முழுக்க அடித்துக்கொள்ளும் இடம்" என்று அதில் ஒரு வரி. அந்த நாலு பேரில் நானும் ஒருவன். ஓய்வுபெற்ற தமிழாசிரியன், பதினோரு வருடமாகத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறேன். வேலை இல்லை என்பது உண்மைதான். வெட்டியைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு எழுத்து என்று நீங்கள் சொன்னது ஜ-வைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆமாம், அடித்துக்கொண்டோம். நான் ஜப்பான் என்று எழுதினால், கிரந்தம் எதற்கு, சப்பான் என்று எழுதுங்கள் என்பார் ஒருவர். இலங்கை நண்பர், யப்பான் என்றுதான் பள்ளியில் படித்தேன் என்பார். மூன்று பேருமே தமிழ்தான் எழுதுகிறோம். உங்கள் அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்துபவர் ஒரு சுழியில் இதை முடித்துவிடுவார். எழுதியவருக்கு இதழ் கைக்கு வந்த பிறகுதான் தெரியும். பெரியசாமித் தூரன் 1954 முதல் தொகுதி தொகுதியாகக் கொண்டுவந்த கலைக்களஞ்சியத்திலும் தலைமைப் பதிப்பாசிரியர் என்று ஒருவர் இருந்தார். எங்களுக்கு மேலே யாரும் கிடையாது. கட்டுரைக்குக் கட்டுரை விவாதிப்பதற்கென்று இருக்கும் பேச்சுப் பக்கம்தான் உண்டு. தலையை எண்ணி முடிக்கவும் முடியாது. ஆதாரத்தை வைத்துப் பேசிப் பேசித்தான் ஒரு இடத்துக்கு வந்து சேர வேண்டும். வெள்ளைக்காரர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? ஆங்கில விக்கிப்பீடியாவில் யோகர்ட் என்ற தலைப்பில் ஹெச் வேண்டுமா வேண்டாமா என்று 2003-இல் பிடித்த சண்டை 2011-இல்தான் ஓய்ந்தது. தயிருக்கு எட்டு வருடம்! ஒரே கட்டுரையில் ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் அடுத்தவர் எழுதியதை அழித்தால் கணக்கை முடக்கக்கூடிய விதி அவர்களிடம் உண்டு. கடைசிப் படியாக நடுவர் குழுவும் உண்டு. அதுவும் யார் எப்படி நடந்துகொண்டார் என்றுதான் பார்க்கும். கட்டுரையில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லாது.

சரி, அதை விடுங்கள். உங்களோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது.

எங்கள் ஊர்ச் சிவன் கோவில் கட்டுரையை முதலில் எழுதியவன் நான். கல்வெட்டு மூன்றாம் குலோத்துங்கன் காலத்தது என்று எழுத வேண்டிய இடத்தில் முதலாம் குலோத்துங்கன் என்று எழுதிவிட்டேன். கைதவறுதான், ஆனால் நூறு வருடத்துக்கு மேல் தள்ளிப்போய்விட்டது. இரண்டு வருடம் யார் கண்ணிலும் படவில்லை, உங்கள் ஆன்மிகச் சிறப்பிதழைத் தவிர. நான்கு பத்தி, வரிக்கு வரி, அந்த முதலாம் குலோத்துங்கனோடு சேர்த்து அச்சில் வந்தது. எடுத்த இடத்தின் பெயர் இல்லை. விக்கிப்பீடியாவிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எங்கிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும் என்பது தாங்கள் அறியாதது அல்ல.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. என் தப்பை நானே கண்டுபிடித்துத் திருத்தினேன். ஒரு இளைஞர் உடனே பழையபடி மாற்றி, ஆதாரமாக உங்கள் சிறப்பிதழைப் போட்டார்! நான் திருத்த, அவர் மாற்ற, ஒரு வாரம் ஓடியது. கல்லை என் கண்ணால் பார்த்தேன் தம்பி என்றேன். "ஐயா, அது சொந்த ஆய்வு, செல்லாது. அச்சில் வந்த ஆதாரம் வேண்டும்" என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கல்வெட்டுத் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் கண் செல்லாது, உங்கள் அச்சு செல்லும்.

கடைசியில் தீர்த்துவைத்தவர் மட்டக்களப்பில் இருக்கும் ஒரு பயனர். எங்கள் ஊரை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும், கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, அந்த வரி ஏறிய தேதியையும் உங்கள் இதழின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இதழ் இரண்டு வருடம் பிந்தியது. ஆகவே இது ஆதாரம் இல்லை, நகல் என்றார். நான் பேருந்து ஏறிப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய், கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கையைத் தேடி எடுத்து, பக்க எண்ணோடு போட்டேன். அந்த இளைஞர் மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்டதும் நான் கோபத்தில் கொட்டியதும் இன்றைக்கும் பேச்சுப் பக்கத்தில் இருக்கின்றன, யாரும் போய்ப் படிக்கலாம். அதே சமயம் உங்களுக்கு நான் போட்ட இரண்டு கடிதங்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது.

போகட்டும். நான் கேட்பது ஒன்றுதான். தமிழ் விக்கிப்பீடியா 2001-இல் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆங்கிலத்துக்கு. தமிழ் தொடங்கியது 2003 செப்டம்பர் 30. அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். பெட்டி கட்டிப் போட வேண்டியதில்லை, கோலப் போட்டி முடிவுகளுக்குக் கீழே இடம் இருந்தாலும் போதும். என் பெயரைப் போட வேண்டாம். பயனர் பெயரிலேயே வேண்டிய அளவு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
கும்பகோணம் வட்டம்