தலைவலி மாத்திரை பத்தி பெற்றோருக்கு ஒரு லெட்டர்

அன்பான அப்பா அம்மாக்களுக்கு வணக்கம்.

போன வாரம் பத்தாவது பொண்ணு ஒன்னு டெஸ்க்ல தலைய கவுத்து படுத்திருந்துச்சு, என்னம்மான்னு கேட்டா தலைவலி சார்னு சொல்லிட்டு ஜாமெட்ரி பாக்ஸ திறந்து மாத்திரை எடுக்குது, பாத்தா காம்பஸ் பக்கத்துல மூணு காலி அட்டை. எல்லாம் ஒரே மாசத்துல போட்டதாம், மளிகைக் கடையில வாங்கினதாம். "போடலன்னா இன்னும் அதிகமா வலிக்குது சார்"னு சொன்னுச்சு, அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

அந்தப் பிள்ளை சொன்னது உண்மைதாங்க. அடிக்கடி தலைவலி வர்ற பிள்ளைங்க பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாதிரி சாதா மாத்திரைய மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ, மூணு மாசத்துக்கு மேல போட்டுகிட்டே இருந்தா அந்த மாத்திரையாலயே தலைவலி வர ஆரம்பிச்சிடும். ரெண்டு மூணு மருந்து கலந்த மாத்திரைன்னா 10 நாளே போதும். மருந்து இறங்குனதும் வலி, வலிக்கு மறுபடி மருந்து, இப்படியே சுத்திகிட்டு இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரைன்னு மட்டும் பாக்காதீங்க, மாசத்துல எத்தனை நாள் போடுறாங்கன்னு எண்ணுங்க.

தயவுசெஞ்சு திட்டாதீங்க, திட்டுனா ஒளிச்சு வச்சு போடுவாங்க. சுவத்துல இருக்கிற மாசக் காலண்டர்ல வலி வந்த நாளுக்கு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு டிக், அத அவங்களே போடட்டும். வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல டிக் விழுந்தா காலண்டரோட டாக்டர்கிட்ட போங்க. மாத்திரைய நிறுத்துனா முதல் ஒரு வாரம் பத்து நாள் வலி கூடத்தான் செய்யும், பிள்ளை அழுவும், அப்பதான் நமக்கு மனசு கேக்காம ஒன்னு குடுத்துடுவோம். அதனால டாக்டர் சொல்ற மாதிரி நிறுத்துங்க. அந்த நாள்ல இங்க லைப்ரரியில சத்தமில்லாம உக்கார வைக்கிறேன், டெஸ்ட் தள்ளி வைக்கிறேன், டீச்சர்ஸ்கிட்ட சொல்லியாச்சு. அப்புறம் 16 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு ஆஸ்பிரின் நீங்களா குடுக்கவே கூடாது.

தலைவலி வராம இருக்கவும் சிலது பாக்கணும். நம்ம பாலக்கோடு பக்கம் தக்காளி பறிக்கிற சீசன்ல பிள்ளைங்க விடிகாலையில தோட்டத்துக்கு போயிட்டு வெறும் வயித்தோட பஸ் ஏறுறாங்க. ஒரு சொம்பு கூழாவது குடிச்சிட்டு வரட்டும். பொம்பளப் பிள்ளைங்க பாத்ரூம் போக சங்கடப்பட்டு சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல, இதுக்கு பொறுப்பு நான்தான், இனிமே ஸ்கூல் பாத்ரூம ரெண்டு வேளையும் கழுவ ஏற்பாடு பண்ணியிருக்கேன், அழுக்கா இருந்தா நேரா என்கிட்ட சொல்லச் சொல்லுங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல போன் வேணாம். கண்ணையும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிடுங்க.

திடீர்னு தாங்க முடியாத வலி, காய்ச்சலோட கழுத்து பிடிப்பு, காலைல எழுந்ததும் வாந்தி, பார்வை மங்கல், ஃபிட்ஸ், இதுல எது வந்தாலும் காலண்டரெல்லாம் அப்புறம், உடனே ஜிஹெச் போங்க, இல்ல 108க்கு அடிங்க.

ஓசூர், பெங்களூருன்னு வேலைக்கு போயிருக்கிறவங்க வீட்ல இருக்கிற பாட்டி தாத்தாகிட்ட இத போன்ல படிச்சு காட்டுங்க, மாத்திரை வாங்கிட்டு வரச் சொல்லி காசு குடுக்குறது பாதி வீட்ல அவங்கதான். நாலு மணிக்கு மேல எந்த நாளும் ரூம்லதான் இருப்பேன், வாங்க பேசலாம்.

இப்படிக்கு,
உங்க பிள்ளைங்களோட தலைமையாசிரியர்