அந்தப் பச்சை அட்டை நோட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த மாதத்தோடு கடையை மூடுகிறீர்கள் என்று அம்மா போனில் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. இதைப் படிக்கிற சொந்தக்காரர்கள் வேறு ஏதாவது கேள்விப்பட்டிருக்கலாம். அதை இங்கே பேசப்போவதில்லை.

உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. 2019இல் ஐஐஎம் மேலாண்மைப் படிப்புக்கான நேர்காணல் முடிந்து வெளியே வந்ததும், "என்னம்மா கேட்டாங்க?" என்றீர்கள். "கணக்குதான்ப்பா" என்றேன். அது பொய்.

கணக்கும் ஆங்கிலமும் எழுத்துத் தேர்வோடு முடிந்துவிடும். நேர்காணலில் வியாபாரத்தின் மேல் உனக்கிருக்கும் ஆர்வத்தைக் காட்ட வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கூடப் படித்தவர்களில் ஒருத்தி இன்ஸ்டாகிராமில் கம்மல் விற்றாள். ஒருவன் பங்கு வாங்கி விற்றான். பிளஸ் டூ முடித்ததும் சேரும் இந்த ஐந்து வருடப் படிப்பு இந்தூர் ஐஐஎம்மில் 2011இலேயே தொடங்கிவிட்டது. நம் தெருவில் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நான் எதைக் காட்டுவது? விண்ணப்பத்தில் உங்கள் தொழிலைச் ‘சுயதொழில்’ என்று எழுதிவிட்டு, ஸ்டார்ட்அப் பெயர்களாக மனப்பாடம் செய்தேன். மளிகைக் கடை என்று எழுதக் கூச்சம். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் அந்தக் கூச்சம் எனக்கு எங்கிருந்து வந்தது? தம்பியைக் கல்லாவில் உட்கார வைத்தீர்கள். நான் வந்து நின்றால், "படிக்கிற பிள்ளைக்கு இங்க என்ன வேலை, உள்ள போ" என்பீர்கள். உள்ளே இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"சுயதொழில் என்றால் என்ன?" என்று நடுவில் இருந்த பேராசிரியர் கேட்டார். சொன்னேன். "சீனியில் கிலோவுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்றார். மனப்பாடம் செய்ததெல்லாம் போய், உங்கள் பேச்சுதான் வாயில் வந்தது. சீனியில் ஒன்றும் நிற்காது, கீழமாசி வீதியில் வாங்கின விலைக்கே கொடுக்கலாம். சீனிக்கு வருகிறவர் சீரகமும் மிளகும் வாங்குவார், அதில்தான் நிற்கும். பேராசிரியர் எதையோ குறித்துக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நான் 2016 நவம்பரையும் சொன்னேன். 500 ரூபாய் செல்லாது என்று அறிவித்த மறுநாள் காலை, ஒரே ஒரு நோட்டோடு வந்து நின்றாரே ஓர் அக்கா. பேங்க்கும் அன்று திறக்கவில்லை. நீங்கள் அந்தப் பணத்தை வாங்கவில்லை. அரிசி, பருப்பு, கால் லிட்டர் எண்ணெய் எடுத்துவைத்து, பச்சை அட்டை பற்று நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். "மெதுவா குடு தாயி." பருப்புப் பொட்டலத்துக்கு இரண்டு சுற்று போதும். நீங்கள் நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தீர்கள், தலையை நிமிர்த்தாமல். அவர் அழுது முடிக்கட்டும் என்றுதான் அப்படிச் சுற்றினீர்கள் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அந்த அக்காவின் பெயரைச் சொன்னேன் அப்பா. அவர் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொன்னேன். பற்று நோட்டில் இருப்பதை வீட்டில்கூடப் பேசக்கூடாது என்பீர்கள். அதை முன்பின் தெரியாத மூன்று பேருக்கு முன்னால் போட்டு உடைத்தேன். அந்த நோட்டால் அம்மாவின் எது அடகுக்குப் போனது என்பதையும்கூட. இங்கே அவற்றை எழுத மாட்டேன்.

அங்கே அவரை யாருக்குத் தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இடமும் கிடைத்தது. உங்கள் வியாபாரத்தைச் சொல்லி வாங்கிய இடமா, அவர் அழுகையைச் சொல்லி வாங்கிய இடமா என்று இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அன்று நான் பேசியதில் ஆர்வம் என்று ஒன்று இருந்தால், அது அந்த நூலைப் பார்த்து வந்ததுதான்.

படித்து முடித்து வந்து, பாக்கி வசூலுக்கு ஒரு வழி சொன்னேன். "உனக்கு வியாபாரம் தெரியாதும்மா" என்றீர்கள். தம்பி முன்னால். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. ஒரு தடவை கேட்டுப் பார்த்திருந்தால்... சரி, விடுங்கள்.

சனிக்கிழமை வருகிறேன். தராசு, டப்பா எல்லாம் யாருக்கு வேண்டுமோ கொடுங்கள். அந்தப் பச்சை அட்டை நோட்டை மட்டும் எடுத்து வையுங்கள். அந்த அக்கா கணக்கில் இன்னும் கோடு விழவில்லை என்று தம்பி சொன்னான். எவ்வளவு என்று சொல்லுங்கள், நான் கட்டுகிறேன். கோட்டை நீங்கள் போடுங்கள்.

உங்கள் மகள்