திருவிழா மேடையில் அரை மணி நேரம்: கடற்கரைப் பங்குகளுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைத் தேவாலயப் பங்குகளின் மதிப்பிற்குரிய திருவிழாக் குழுவினருக்கு,

வணக்கம். கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை பத்து நாளும் உங்கள் தெருக்களில் சாக்ஸபோன் ஊதுகிறவன் நான். கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் வருகிறவனும் நான்தான்.

சென்ற ஆண்டு ஒரு பங்கில் அரை மணி நேரம் மேடை கேட்டேன். எங்கள் பேண்ட் செட்டும் வில்லுப்பாட்டுக் குழு ஒன்றும் சேர்ந்து ஜாஸ் வாசிப்பதாகத் திட்டம். “அந்நிய இசை நம் திருவிழாவுக்கு ஒத்துவராது” என்றார்கள். அன்றிரவு அதே மேடையில் இன்னிசைக் குழு ஒன்று நள்ளிரவு வரை சினிமாக் குத்துப்பாட்டு முழக்கியது. புனிதருக்கு அது மட்டும் எப்படி ஒத்துவந்ததோ, தெரியவில்லை.

அந்நியம் என்று பார்த்தால் தேருக்கு முன்னால் போகும் டிரம்பெட்டையும் கிளாரினெட்டையும் என்ன செய்வீர்கள்? நான் ஊதும் கருவிக்கு 1846இல் பாரிசில் காப்புரிமை பெற்ற அடால்ஃப் சாக்ஸ் பெல்ஜியத்துக்காரர். அந்தக் கருவிதான் நம் உப்புக் காற்றில் சாவிகள் பச்சை பூத்து, ஆண்டுக்கு ஆண்டு பழுது பார்க்கப்பட்டு, உங்கள் பவனிகளில் நடக்கிறது.

ஜாஸ் பெரிய ஹோட்டல்களுக்கு உரியது என்று நினைக்கிறீர்கள். அது வளர்ந்த அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் எங்களைப் போன்ற பேண்ட் செட்டுகள்தான் அதைத் தெருவில் சுமந்தன. அங்கே சவ ஊர்வலத்தில் கல்லறை வரை மெதுவான துக்க இசை வாசிப்பார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளலாக மாற்றிவிடுவார்கள். துக்க வீட்டில் ஊதிப் பழகிய எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் செய்ய நினைப்பதை ஜமைக்காவில் பிறந்த ஒருவர் எப்போதோ செய்து காட்டிவிட்டார். பியானோ கலைஞர் மான்டி அலெக்சாண்டர் 1944இல் கிங்ஸ்டனில் பிறந்தவர். 1961இல் அமெரிக்கா போனார். அங்கே பெரிய ஜாஸ் மேதைகளோடு வாசித்துப் பெயர் வாங்கிய பிறகும் தீவின் தாளத்தை அவர் கைவிடவில்லை. ‘ஹார்லம் – கிங்ஸ்டன் எக்ஸ்பிரஸ்’ என்ற அவருடைய குழுவில் ஒரு பக்கம் பழைய முறை ஜாஸுக்கான, அடிநாதம் தரும் பேஸும் டிரம்ஸும், மறுபக்கம் ஜமைக்காவின் ரெகே தாளத்துக்கென்று தனி பேஸும் டிரம்ஸும். நடுவில் பியானோவோடு அவர். ஒரே பாட்டில் இந்தப் பக்கம் திரும்பினால் ஜாஸ், அந்தப் பக்கம் திரும்பினால் தீவு.

வலமும் இடமும் ஆளிருக்க நடுவில் ஒருவர் நடத்திக்கொண்டுபோவது நமக்குப் புதிதா? வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகரான அண்ணாவி நடுவில் இருந்து எடுத்துக்கொடுக்க, பக்கப்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். ஜமைக்காவின் நாட்டுப்புற இசையான மென்டோவில் ரும்பாப் பெட்டி என்று ஒன்று உண்டு. பெரிய மரப்பெட்டியின் முகத்தில் உலோகப் பட்டைகள் இருக்கும்; பெட்டியின் மேலேயே உட்கார்ந்து அவற்றை விரலால் மீட்டுவார்கள். அடித்தொண்டையில் வரும் அந்த ஒலியைக் கேட்டதும் எனக்கு நம் வில்லுப்பாட்டுக் குடம்தான் நினைவுக்கு வந்தது.

ஒத்திகையில் என்ன நடந்தது என்பதையும் சொல்கிறேன். எங்கள் பெரிய டிரம்காரர் பவனிப் பழக்கத்தில் தட்டுக்குத் தட்டு அறைந்தார். குடம் இருந்த இடமே தெரியவில்லை. ரெகேக்காரர்கள் நாலு தட்டுச் சுற்றில் முதல் தட்டை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் டிரம்மைப் போடுவார்கள். அதைக் கேட்க வைத்து, அவரையும் முதல் தட்டை விடச் சொன்னோம். கை பரபரத்தாலும் விட்டார். குடத்தின் வாயில் மட்டை விழுந்து எழுந்த ‘கும்’ அந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்தது. அதன்மேல் உடுக்கை, அப்புறம் வில்லின் மணிகள். நான் ஊத வேண்டிய இடத்தில் ஊதாமல் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன்.

வில்லுப்பாட்டு இந்துக் கோயில்களின் கொடை விழாவில் பாடுவது, நம் மேடைக்கு எதற்கு என்று சிலர் தயங்குவது தெரியும். புனிதர்களின் கதைகளையும் வில்லில் பாடியிருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

தேர்ப்பவனி நாளை நாங்கள் கேட்கவில்லை. கூட்டம் குறைந்த நடுநாள் ஒன்றின் மாலை போதும். எங்களுக்குப் பணம் வேண்டாம். வில்லுப்பாட்டுக் குழுவுக்கு மட்டும் வழக்கமான சன்மானம் கொடுத்துவிடுங்கள், அவர்களுக்கு அது பிழைப்பு. குடத்துக்குத் தாழ்வாக ஒரு மைக் வேண்டும். ஒலிபெருக்கிக்காரரிடம் எதிரொலியை நிறுத்தச் சொல்லுங்கள், அது ஓடினால் குடம் குழைந்துவிடும். பேண்ட்காரர்களுக்கு ஜெனரேட்டருக்குப் பின்னால் அல்லாமல் மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போடுங்கள்.

மறுப்பதாக இருந்தால் ஒத்திகைக்கு ஒருமுறை வந்து கேட்டுவிட்டு மறுங்கள். ஞாயிறு மாலைகளில் வாசிக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் தெருவில் ஊதும் பேண்ட் வாத்தியக்காரன்